கதவு வேகமாக வரும்போது

பிப்ரவரி 11

அன்புள்ள சகலைக்கு,

நானும் உங்கள் அண்ணியும் இங்கே சௌக்கியம். அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. அக்காவையும் தங்கையையும் கட்டிக்கொண்ட நாம் இருவரும் இதையெல்லாம் ஒருவருக்கொருவர்தான் சொல்லிக்கொள்ள முடியும். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

காப்புரிமை ஏஜெண்டாக நான் எழுதிப் போட்ட நம் கதவுக் கொக்கி விண்ணப்பத்துக்கு அந்த அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. பயப்பட வேண்டாம். இப்படியொரு கொக்கியை இதற்குமுன் யாரும் செய்ததில்லை என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் ஆய்வு அதிகாரி ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். 'கதவு வேகமாக வரும்போது கொக்கி விழுந்து அதைத் தடுக்கும்' என்று நான் உரிமைக்கோரிக்கையில் எழுதியிருந்தேன். வேகமாக என்றால் எவ்வளவு வேகம் என்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். அந்த வாசகம்தான் நம் நிலத்துக்கு வேலி. வேலி எங்கே முடிகிறது என்று நமக்கே தெரியாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரன் உள்ளே வந்துவிட்டான் என்று எப்படிச் சண்டை போடுவது? புதிதாக எதையும் சேர்க்க முடியாது. முதல் நாள் கொடுத்த காகிதத்திலும் படத்திலும் உள்ளதை வைத்தே தெளிவுபடுத்த வேண்டும். ஆகஸ்ட் முடிவுக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் செத்துப்போகும்.

இன்னொரு விஷயம். நீங்கள் எழுதி முடித்ததும் என் மச்சினி அடியில் அக்காவுக்கு இரண்டு வரி எழுதி, ஒட்டி, ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போகிற வழியில் தபாலில் போடுவதுதானே வழக்கம்? போன கடிதத்தில் அந்த இரண்டு வரி இல்லை. உங்கள் அண்ணி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டும் பார்த்தாள். அவளுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா?

அன்புடன்,
மூத்த சகலை

பிப்ரவரி 25

மூத்த சகலை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். மற்றதைப் பற்றி நான் வாய் திறந்தால் அங்கே வந்துபோக முடியாது.

இங்கே எல்லோரும் நலம். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. லேத் மெஷினுக்கு பெல்ட் மாற்றினேன், இப்போது முனகாமல் ஓடுகிறது. எதிர்வீட்டு வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பூனை குட்டி போட்டிருக்கிறது.

வேகமாக என்றால் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். வேகமாக என்றால் வேகமாகத்தான் சகலை! அந்த அதிகாரி வீட்டில் கதவே கிடையாதா? நிலைச்சட்டத்தில் ஒரு ரப்பர் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே சின்னக் குழியில் ஒரு குண்டு உட்கார்ந்திருக்கிறது. கதவு மெதுவாக வந்தால் நாக்கு வளைந்து வழி விடும். வேகமாக வந்து மோதினால் நாக்கு துள்ளிக் குண்டைத் தட்டிவிடும். குண்டு உருண்டால் கொக்கி விழும், கதவு நாலு விரல் தூரத்தில் நின்றுவிடும். மறுபடி திறந்தால் குண்டு தானாகக் குழிக்குத் திரும்பிவிடும். சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். இதில் என்ன தெளிவில்லை?

எங்கள் வீட்டில் எல்லாக் கதவுக்கும் மாட்டிவிட்டேன். போன வாரம் பெருங்காற்று அடித்தது. தெரு முழுக்க டமால் டமால் என்று சத்தம், எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது.

அவளுக்கு இந்த மாதம் டியூட்டி மாறி மாறி வருகிறது. அதனால்தான் எழுத நேரமில்லை. நலம்தான். இந்தக் கடிதத்தை நானே தபாலில் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
இளைய சகலை

மார்ச் 9

அன்புள்ள சகலைக்கு,

எங்கள் நலத்துக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் நலத்தைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. மெஷின் பெல்ட்டுக்கு ஒரு வரி, வாத்தியார் கண்ணுக்கு ஒரு வரி, பூனைக்கு ஒரு வரி. என் மச்சினிக்கு மட்டும் 'நலம்தான்'. இந்தச் சொல்லை ஒரு விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் அதிகாரி என் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பார்.

உங்கள் அண்ணி தனியாக அவளுக்கு ஒரு கடிதம் போட்டாள். 'நலம் அக்கா. வேலை அதிகம்' என்று பதில் வந்தது. கத்தரிக்கோல் வாங்கினால்கூட மூன்று பக்கம் எழுதுகிறவள் அவள். உங்கள் அண்ணி அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பே போடவில்லை. நானும் கேட்காமல் சாப்பிட்டேன்.

வேலைக்கு வருவோம். அதிகாரி இன்னொன்றும் கேட்டிருக்கிறார், போன கடிதத்தில் எழுத விட்டுப்போயிற்று. 'நாலு விரல் தூரம்' என்று நம் விளக்கத்தில் இருக்கிறது. யாருடைய விரல்? உங்களுடையதா, என்னுடையதா, அதிகாரியுடையதா? அளந்து எழுதுங்கள். சும்மா 'சுமார்' என்று எழுதினால் சும்மா விடமாட்டேன்.

அன்புடன்,
மூத்த சகலை

ஏப்ரல் 3

மூத்த சகலை அவர்களுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் என்னோடு பேசுவதில்லை. சண்டை எதுவும் இல்லை. சண்டை வந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி, அன்றைக்கே சரியாகியிருக்கும். வேண்டியதற்கு மட்டும் வாய் திறக்கிறாள். "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." "கேஸ் தீர்ந்துபோச்சு." "டியூட்டிக்குப் போறேன்." குரலில் கோபம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது.

காரணம் தெரியவில்லை. சமையலறைக் குழாய் சொட்டுவது பற்றி முன்பு சொல்லியிருந்தாள், சரி செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் சிநேகிதி மகளின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, தாமதமாகவாவது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. என் குறட்டையோ என்று முன்னறையில் போய்ப் படுத்தேன். பேசாமல் வந்து ஒரு போர்வையைப் போட்டுவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்றும் விளங்கவில்லை.

விரல் விஷயம். என் நாலு விரலை அளந்தேன், ஒன்பது சென்டிமீட்டர். ஆனால் படத்தில் ஏழு என்று நானே போட்டிருக்கிறேன். குழம்பிப்போய் அவளிடமே போனேன். துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கையைக் காட்டேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக ஏழு.

"எதுக்கு?"

"யார் விரல்னு ஆபீஸ்ல கேக்கறாங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்ன எழுதப் போறீங்க?"

"ஏழு சென்டிமீட்டர்னு."

"ம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். இவ்வளவு நாளில் அவள் கையை நான் பிடித்தது அன்றைக்குத்தான். அதுவும் அளவெடுக்க.

ஏழு என்றே எழுதிவிடுங்கள். மற்றதற்கு உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இளைய சகலை

ஏப்ரல் 14

அன்புள்ள சகலைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னறையில் படுக்க வேண்டாம், உங்கள் குறட்டையைப் பல வருஷமாகத் தாங்கியவள் இப்போதா அதற்குக் கோபப்படப் போகிறாள்?

ஏழு சென்டிமீட்டர் எழுதிக்கொண்டேன். படத்திலேயே இருப்பதால் பிரச்சினை இல்லை.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் முழுக்கப் படித்தேன். எந்த நாளிலிருந்து என்று ஒரு இடத்தில்கூட இல்லை. எந்த நாள்? அன்றைக்கு என்ன வந்தது, யார் போனது? அவள் எங்கே நின்றாள், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கொக்கியைப் பற்றி எழுதச் சொன்னால் நாக்கு, குண்டு, குழி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறீர்கள். பெண்டாட்டியைப் பற்றி மட்டும் 'காரணம் தெரியவில்லை' என்று ஒரே வரியில் முடிக்கிறீர்களே, இது என்ன நியாயம்?

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. சொல்ல மாட்டோம். நான் சொல்லி நீங்கள் போய் மன்னிப்புக் கேட்டால் அது என் மன்னிப்பாகிவிடும், உங்களுடையது ஆகாது. உங்கள் அண்ணியும் அதையேதான் சொல்கிறாள், இன்னும் கொஞ்சம் காரமாக.

அதிகாரியின் அடுத்த கேள்வி: குண்டு உட்காரும் குழியின் ஆழம் படத்தில் நாலு மில்லிமீட்டர். ஏன் நாலு? மூன்றாக இருந்தால் என்ன, ஐந்தாக இருந்தால் என்ன? அந்த அளவு எங்கிருந்து வந்தது? இதற்கு நிதானமாக யோசித்துப் பதில் எழுதுங்கள். அவசரமில்லை.

அன்புடன்,
மூத்த சகலை

மே 21

மூத்த சகலை அவர்களுக்கு,

நலம் விசாரிக்க மறந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். மனசு ஒரு நிலையில் இல்லை.

அந்த நாலு மில்லிமீட்டருக்கு ஒரு மாதம் யோசித்தேன். நான் கணக்குப் போட்டதாக ஞாபகமே இல்லை. நேற்று பட்டறை மேஜையின் அடி இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினேன். பழைய போல்ட்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி. குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்து பாட்டில் மூடி. அதோடு ஆஸ்பத்திரி ரப்பர் குழாயை நீளவாக்கில் வெட்டின ஒரு துண்டு, ஒரு கோலிக்குண்டு. மூன்றையும் ஒரு நூலில் சுற்றி வைத்திருக்கிறேன். மூடியின் உள்ளே வெர்னியரை விட்டேன். நாலு மில்லிமீட்டர்.

அப்போதுதான் எல்லாம் வந்தது சகலை. பிறந்த குழந்தைகள் வார்டில் கதவு அறைந்தால் ஒரு குழந்தை விழித்து அழும், அதைக் கேட்டு அத்தனையும் அழும் என்று அவள் புலம்புவாள். ஒருநாள் சாப்பாட்டுப் பையிலிருந்து இந்த மூன்றையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "வார்டு கதவுல கட்டிப் பாத்தேங்க. நிக்குது. ஆனா குண்டு கீழ விழுந்து ஓடிடுது, ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருக்கு. நீங்க இதை இரும்புல நல்லா செஞ்சு தாங்களேன்" என்றாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கையை வைத்துக் காட்டினாள். இந்த நாலு விரல் இடம் இருந்தால் எந்தப் பிள்ளையின் கையும் நசுங்காது என்றாள். நான் உடனே அளந்தேன். அதன்பிறகு ராவும் பகலும் பட்டறையில் அதைச் செய்ததுதான் என் மனசில் நின்றது. அவள் கொண்டுவந்தது நழுவிப் போய்விட்டது.

எந்த நாள் என்று கேட்டீர்களே. ஜனவரியில் நீங்கள் விண்ணப்ப நகலைத் தடித்த உறையில் அனுப்பிய நாள். அவள்தான் பிரித்தாள். நின்றுகொண்டே படித்தாள். மேஜையில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் கதவை அறைந்திருப்பாள் சகலை. அறைந்து சாத்தத்தான் போயிருப்பாள். நம் கொக்கி பிடித்துக்கொண்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

நகலின் இரண்டாம் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் என் பெயர். என் பெயர் மட்டும். நீங்கள் கேட்டபோது யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தை மாற்ற முடியுமா? முடியாது என்றால் எனக்கு அந்தக் காப்புரிமையே வேண்டாம்.

இளைய சகலை

மே 30

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் அண்ணி வாங்கிப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் என்கிறாள். அப்படியே வைத்துக்கொள்வோம்.

மாற்றலாம். அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. எதை யார் யோசித்தது என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் செல்லாது. இதோடு வைத்திருக்கிறேன். அலுவலகம் அனுப்பிய மூலக் கடிதத்தின் நகலும் இருக்கிறது, தேவைப்படலாம். பழியை முழுக்க நீங்களே சுமக்க வேண்டாம். 'கண்டுபிடித்தவர் பெயர்' என்று நான் உங்களிடம் மட்டும் கேட்டேன். எப்படித் தோன்றியது என்று கேட்டிருந்தால் அன்றைக்கே கோலிக்குண்டு வெளியே உருண்டிருக்கும். வார்த்தையை அளந்து கேட்கிற வேலையில் இருந்துகொண்டு அந்த ஒன்றைக் கோட்டை விட்டேன்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். கரண்ட் பில் நீட்டுகிற மாதிரி படிவத்தை அவள்முன் நீட்டாதீர்கள். முதலில் வாயைத் திறந்து பேசுங்கள். என்ன பேசுவது என்று என்னிடம் கேட்டு எழுதாதீர்கள், பதில் போடமாட்டேன்.

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டே,
மூத்த சகலை

ஜூன் 18

மூத்த சகலை அவர்களுக்கு,

அண்ணியின் ஜலதோஷம் எப்படி இருக்கிறது? இங்கே வெயில் குறைந்து காற்று ஆரம்பித்துவிட்டது.

பேசிவிட்டேன். பேசினேன் என்று சொல்ல முடியாது, அவள்தான் பேசினாள். டியூட்டி முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மூடியையும் ரப்பரையும் குண்டையும் மேஜையில் வைத்தேன். குண்டு உருண்டு ஓடியது, கையால் அமுக்கினாள்.

"இது உன்னுது."

"தெரியும்."

"நான் மறந்துட்டேன்."

"அதுவும் தெரியும்."

"பேரை மாத்திடலாம். படிவம் வந்திருக்கு."

"பேரு வேணும்னு நான் கேட்டேனா?"

"இல்லை."

"நீங்க கேட்டீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. "எதை?"

"ஏன் பேசமாட்டேங்கறேன்னு. இத்தனை மாசத்துல ஒரு தடவையாவது என்கிட்ட கேட்டீங்களா? குழாயைக் கழட்டி மாட்டினீங்க. கல்யாண வீட்டுக்குப் போனீங்க. அக்கா வீட்டுக்காரருக்குப் பக்கம் பக்கமா எழுதினீங்க. நான் இங்க ஒரே வீட்டுக்குள்ள, கூப்பிடற தூரத்துல இருக்கேன். என்கிட்ட வந்து என்னம்மான்னு ஒரு வார்த்தை கேக்கலை."

குண்டை எடுத்து மூடிக்குள் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பக்கத்தை நின்னுக்கிட்டே படிச்சேங்க. படத்துல என் விரல் இருக்கு. என் மூடி இருக்கு. நான்தான் எங்கயும் இல்லை."

அழுதுவிட்டாள். டீ டம்ளரைக் கையிலிருந்து வாங்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இப்போதாவது கேட்கலாமே என்று "என்னம்மா" என்றேன். "எல்லாம் முடிஞ்ச பிறகா கேக்கறது?" என்று என் தோளில் ஒரு அடி வைத்தாள். வலித்தது. நிம்மதியாகவும் இருந்தது.

அன்றிலிருந்து பேசுகிறாள். பேசுகிறாள் என்றால் திட்டுகிறாள். ஜனவரியிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் வரிசையாகத் திட்டுகிறாள். காதில் தேன் வார்த்தமாதிரி இருக்கிறது சகலை. ஆனால் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. நான் போட்டுவிட்டேன். அவளை அவசரப்படுத்த எனக்கு வாயில்லை. ஆகஸ்ட் வந்துவிடுமே என்று உள்ளுக்குள் அடித்துக்கொள்கிறது.

இப்படிக்கு,
இளைய சகலை

ஜூலை 7

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். அவரும் நலம். தலையில் அடித்துச் சத்தியமாகச் சொல்கிறேன், இது வெறும் பேச்சுக்கு எழுதிய நலம் இல்லை. அக்காவுக்குத் தனியாக எழுதுகிறேன், மூன்று பக்கத்துக்குக் குறையாமல். இது உங்களுக்கு.

அலுவலகக் கடிதத்தின் நகலைப் படித்தேன். முன்னும் பின்னும் இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது, 'வேகமாக' என்ற சொல் மட்டும். யாருடைய விரல் என்று அலுவலகம் கேட்கவே இல்லை. குழியின் ஆழம் ஏன் நாலு மில்லிமீட்டர் என்றும் கேட்கவில்லை. அப்படியானால் கேட்ட அந்த அதிகாரி யார் அத்தான்? அவருக்குக் கண்ணாடி உண்டா? முழங்கால் வலியுள்ள மனைவி உண்டா?

உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். எழுத எழுதக் கோபம் எங்கேயோ போய்விட்டது. அவர் வெர்னியரோடு வந்து என் கையைப் பிடித்த அன்றைக்கு, இந்த மனுஷனுக்கு இப்போதாவது உறைக்கும் என்று எவ்வளவு ஆசையாக நின்றேன் தெரியுமா? உறைக்கவில்லை. ஆனாலும் கையை நான் உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு திருத்தத்தோடு. அவர் தன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை மட்டும் எழுதியிருந்தார். அது பழையதைவிடப் பெரிய தப்பு. நாக்கும் குழியும் குண்டும் நான் யோசித்தது. கொக்கி தானாக விழுவதும், கதவைத் திறந்தால் குண்டு தானாகக் குழிக்குத் திரும்புவதும் அவர் யோசித்தது. அது இல்லாவிட்டால் நான் இன்னும் வார்டில் கட்டிலுக்கடியில் கோலிக்குண்டைத் தேடிக்கொண்டிருப்பேன். இரண்டு பெயரும் இருக்க வேண்டும். என் பெயர் முதலில்.

இனி உண்மையான கேள்விக்குப் பதில். 'வேகமாக' என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். காற்றுக்கு ஒரு வேகம், ஓடி வரும் பிள்ளைக்கு ஒரு வேகம், கோபத்துக்கு ஒரு வேகம். யாரும் அளந்து சொல்ல முடியாது. 'நாக்கில் கதவு மோதி, குண்டு குழியை விட்டு வெளியேறினால் கொக்கி விழும்' என்று எழுதுங்கள். ஒன்று குண்டு உள்ளே இருக்கும், இல்லை வெளியே இருக்கும். நடுவில் எதுவும் கிடையாது. குண்டின் எடையும் குழியின் ஆழமும் முதல் நாள் படத்திலேயே இருக்கின்றன. விடுமுறை நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து கதவை அறைந்து அறைந்து பார்த்தபிறகுதான் சொல்கிறோம். எதிர்வீட்டு வாத்தியார் ஓடி வந்து எங்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். இந்த வாசகத்தில் பாதி என் வீட்டுக்காரருடையது, பாதி என்னுடையது. எந்தப் பாதி யாருடையது என்று கேட்காதீர்கள், மறுபடி சண்டை வரும்.

கடைசியாக ஒன்று. சமையலறைக் கதவில் இருந்த கொக்கியை மட்டும் கழற்றிவிட்டேன். அடுத்த தடவை எனக்குக் கோபம் வந்தால் அவருக்குக் கேட்க வேண்டும்.

உங்கள் பிரியமுள்ள மச்சினி

செப்டம்பர் 2

அன்புள்ள சகலைக்கும், அவருக்கு முன்னால் பெயர் போட வேண்டிய என் மச்சினிக்கும்,

இரண்டு பேரையும் ஒரே உறையில் நலம் விசாரிப்பதில் எனக்குள்ள சந்தோஷத்தை எழுத்தில் வைக்க முடியவில்லை. இங்கே நாங்கள் நலம். முழங்கால்கூட நலம்.

பதில் ஜூலையிலேயே போய்விட்டது. இன்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'உரிமைக்கோரிக்கை இப்போது தெளிவாகவும் திட்டவட்டமாகவும் உள்ளது' என்று ஒரு வரி. இத்தனை வருஷ வேலையில் இந்த வரியை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். இந்த ஒரு தடவைதான் சத்தம் போட்டு உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பெயர் மாற்றத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு பெயர் மச்சினி, நீ சொன்ன வரிசையில்.

அந்தப் போலி அதிகாரியைப் பற்றி விசாரித்தேன். கண்ணாடி உண்டு. வழுக்கையும் உண்டு. கேள்விகளை அவரே யோசித்ததாக ஊர் சொல்கிறது, உண்மையில் விரல் கேள்வி முழுக்க உன் அக்காவுடையது. "யார் விரல்னு கேளுங்க, அந்த ஆளு அவ கையைப் பிடிச்சே ஆகணும்" என்று இங்கே அடுப்படியில் நின்று சொன்னாள். வார்டு கதவில் மூடியும் குண்டும் கட்டிப் பார்த்ததாக நீ எப்போதோ எழுதியிருந்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். ஆக இதிலும் இரண்டு பெயர் போட வேண்டும், அவள் பெயர் முதலில்.

என்றும் அன்புடன்,
மூத்த சகலை

செப்டம்பர் 16

மூத்த சகலை அவர்களுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் வணக்கம். இங்கே இரண்டு பேரும் நலம். பூனைக்குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தெருவில் கொடுத்துவிட்டோம், ஒன்றை மட்டும் அவள் விடவில்லை.

அலுவலகக் கடிதத்தை அவள் வார்டுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினாளாம். பெரிய டாக்டரம்மா படித்துவிட்டு, "இரண்டாவது பேரு யாரு?" என்று கேட்டாராம். "அவர் எங்க வீட்டுக்காரருங்க, இரும்பு வேலை செய்வார்" என்று சொன்னேன் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நானும் ஜம்பமாகத் தலையாட்டிக்கொண்டேன்.

நேற்று முன்தினம் பகலில் பட்டறையில் அரம் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் சமையலறைக் கதவு டமால் என்று அறைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அரத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கையோடு ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது.

"என்னம்மா? என்ன கோபம்? நான் என்ன பண்ணேன்?"

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கோபமா? காத்துங்க."

"நிஜமாவா?"

"நிஜமா."

"ஒண்ணுமில்லையே?"

"அட, போய் வேலையைப் பாருங்க. அரத்தோட வந்து நிக்கறாரு" என்று சிரித்தாள். போய் வேலையைப் பார்த்தேன். செருப்பை அவளே கொண்டுவந்து பட்டறை வாசலில் போட்டுவிட்டுப் போனாள்.

கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். டியூட்டிக்குப் போகிற வழியில் போட்டுவிடுவாள். அடியில் இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இளைய சகலை

அக்கா, அன்றைக்குக் காற்றே இல்லை. ஓடி வருகிறாரா என்று பார்த்தேன். வந்தார்.